புளி போட்டுத் தேய்த்த பால் டின்கள்

பால்காரர் செம்புக்குள் சுண்டுவிரலை விட்டு, மிதந்துகொண்டிருந்த எறும்பை ஒதுக்கி எடுத்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கையே படாத பால் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது, டின்னில் அடைத்து மருந்துக்கடையில் விற்கிறார்கள், அதை விட்டுவிட்டு நாம் ஏன் இந்த விரலைக் குடித்துக்கொண்டிருக்கிறோம்?

எனக்குப் பத்தொன்பது வயது. அறிவியல் கல்லூரியில் முதல் ஆண்டை முடித்திருந்தேன். இரண்டாம் ஆண்டு தொடங்குமா, ஊர்வலம், கண்ணீர்ப்புகை என்று இந்தப் பருவமும் போய்விடுமா என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். சும்மா இருக்கத் தெரியாதவன் கையில் இரசாயனப் புத்தகம் இருந்தால் கூட இருப்பவர்கள் பாடு கஷ்டம். முட்டை ஓட்டைக் காடியில் கரைத்தேன். அக்காவின் வெள்ளிக் கொலுசை ஒரு கரைசலில் போட்டுக் கறுப்பாக்கினேன். அதற்கு அடுத்ததாகப் பாலில் கை வைத்தேன்.

பால் மட்டும் விளையாட்டு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் போன கையோடு அப்பாவும் அம்மாவும் காரைக்காலுக்குத் திரும்பிவிட்டார்கள். வியட்நாமில், சைகோன் நகரத்தில் மிச்சம் இருந்தது அக்கா, அத்தான், அவர்களுடைய நான்கு மாதப் பெண் குழந்தை, நான். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது அக்காவுக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தாள், ஆனால் தாய்ப்பால் வற்றிவிட்டது. அதன் பிறகு அந்தக் குழந்தை எதைக் குடித்து வளர்வது என்று நாங்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது. பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன்.

‘பென் தான்’ என்ற பெரிய சந்தைக்குப் பக்கத்தில் அத்தானுக்கு ஒரு ஜவுளிக்கடை. பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அவர்கள் பழக்கிவிட்ட மத்தியானத் தூக்கம் போகவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைகள் பாதிக் கதவை இறக்கினால் மூன்று மணிக்குத்தான் ஏற்றுவார்கள். அந்த மூன்று மணி நேரமும் அத்தான் துணிப் பொதிமேல் சாய்ந்திருப்பார். பக்கத்துக் கடையில் மிளகாய், மல்லி, சீரகம் விற்கும் மளிகைக்காரரும் விசிறியோடு வந்துவிடுவார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு போவேன். எங்கள் வழக்கு அங்கேதான் நடந்தது.

"கை படாத பாலா?" என்றார் அத்தான். "அப்ப டின்னுக்குள்ள எப்படிப் போச்சு மாப்ள? தானா நடந்து போச்சா?"

"மிஷின் அத்தான்."

"மிஷின யாரு ஓட்டுறா?"

"ஆளுதான். ஆனா அவன் பாலைத் தொடமாட்டான்."

"நீ பாத்தியா?"

"புத்தகத்துல படம் இருக்கு."

"படம் புடிக்க வந்தா நம்ம பால்காரர்கூடக் குளிச்சிட்டு நிப்பாரு," என்றார் மளிகைக்காரர், கண்ணைத் திறக்காமலே.

நான் விடவில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், அது குட்டைத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று யாருக்கும் தெரியாது, மாட்டுக்குச் சீக்கு இருந்தால் பாலில் வரும், அக்காவுக்கு டைபாய்டே அப்படித்தான் வந்திருக்கலாம் என்றேன். கடைசியாகச் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொன்னதும் அத்தான் பொதியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். வாதத்தில் அடி எங்கே விழுந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. மறுபடி மறுபடி அங்கேயே அடித்தேன்.

ஆதாரம் தேடிக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். காவலாளியிடம் கெஞ்சிப் பால்மானியை இரவல் வாங்கி வந்தேன். பாலில் விட்டால் எவ்வளவு மூழ்குகிறதோ அதை வைத்துத் தண்ணீர் கலந்ததைச் சொல்லும் கண்ணாடிக் குழல் அது. மறுநாள் காலை பால்காரர் எதிரிலேயே செம்பில் விட்டேன். குழல் குபுக்கென்று இறங்கியது.

அவர் என் அப்பா வயது ஆள். காரைக்கால் பக்கத்து ஊர்க்காரர், ஊருக்கு வடக்கே மாடு வைத்திருந்தார். குழலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது என்னா தம்பி சொல்லுது?"

"நாலுல ஒரு பங்கு தண்ணின்னு சொல்லுது அண்ணே."

"சரியாத்தான் சொல்லுது," என்றார். "வைக்கோல் வண்டி பத்து நாளா வரல. சண்டைக்காரனுங்க ரோட்ட வெட்டிப் போட்டுருக்கானுங்க. ஒம்போது மாட்டுல மூணு வத்திப்போச்சு. வாடிக்கையக் கொறைக்க மனசு வரல, தண்ணியக் கூட்டிட்டேன். காய்ச்சின தண்ணிதான்."

"குழந்தை குடிக்கிற பாலு இது."

"தெரியும். ஒங்க வீட்டுக்குக் காலு பங்கு. ஓட்டல்காரனுக்குப் பாதி."

அக்கா கதவோரம் நின்று சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தான் அன்று மத்தியானம் கடையில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பாத்தியா, கேட்ட ஒடனே சொல்லிட்டாரு. ஒன் டின்னுகிட்ட கேட்டா என்னா சொல்லும்?"

"டின்னுல அச்சடிச்சிருக்கு அத்தான். எத்தனை பங்கு கொழுப்பு, எத்தனை பங்கு சர்க்கரை, எல்லாம்."

"அப்ப அச்சடிச்சவன நம்பணும்."

"பால்காரர நம்பறத விட அது மேல்."

"வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குக் கோயிலுக்கு ஒரு கொடம் குடுக்கிறாரே, அதுல தண்ணி இருக்காது தெரியுமா?" என்றார் மளிகைக்காரர். "சாமிக்குன்னா ஊத்தமாட்டாரு. புள்ளைய சாமின்னு நெனச்சுக்குங்கன்னு சொல்லிப் பாருங்களேன்."

நான் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை. இன்று நினைத்தால், சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்குமோ என்னவோ. எனக்கு அப்போது வேண்டியிருந்தது தண்ணீர் கலக்காத பால் இல்லை. யார் முகத்தையும் பார்த்து நம்ப வேண்டிய அவசியம் இல்லாத பால். ஊரில் யாரைத்தான் நம்ப முடிந்தது? ரேடியோ ஒன்று சொன்னது, சந்தை வேறொன்று சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்று பேச்சில் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதற்கு நடுவே எங்கோ தூர தேசத்தில், சண்டை இல்லாத ஊரில், வெள்ளை ஓடு பதித்த கூடத்தில் ஒரு இயந்திரம் ஒரே அளவில் பாலை உலர்த்தி, ஒரே அளவில் அடைத்து, மூடி ஒட்டி அனுப்புகிறது. எனக்கு அது ஏறக்குறைய பக்தி மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் முடிவு செய்தது அக்கா. வாதத்தில் மயங்கி இல்லை, அலுத்துப்போய். "ரெண்டு பேரும் தெனம் இதையே பேசுறீங்க. தம்பி படிச்சவன், அவன் சொல்றபடியே பாப்போம்," என்றாள். பால்காரரை நிறுத்தினோம். நிறுத்திய அன்று அவர் என்னிடம் சண்டை போடவில்லை. செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் எங்கள் பாத்திரத்தில் விட்டார். "என் பால அளந்தீங்க. டின்ன எத வச்சி அளப்பீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு சைக்கிளில் ஏறினார். அளக்கவே வேண்டியதில்லை, அதுதானே அதன் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்துக்கடையிலிருந்து டின் வந்தது. மேலே ஒரு மூடி, அதைத் திறந்தால் உள்ளே மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். கத்தியால் தகட்டைக் கிழிக்கும்போது உஸ்ஸென்று ஒரு மூச்சு விடும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். நான் கொதிக்க வைத்த தண்ணீர், நான் அலசிய புட்டி, நான் தட்டி அளந்த கரண்டி. ஒவ்வொரு டின்னையும் திறக்கும் முன் அதன் அடியில் ஆணியால் எண் கீறினேன். எத்தனை நாள் வருகிறது என்று நோட்டில் எழுத அது தேவைப்பட்டது. கீறியது தமிழ் எண்ணில். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குத் தமிழ் எண் எழுதத் தெரியும் என்பதில் ஒரு ஜம்பம், வேறு காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் குழந்தையை மளிகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். சீரகம் நிறுக்கும் பெரிய தராசின் தட்டில் அத்தானின் பழைய வேட்டியை மடித்துப் போட்டுக் குழந்தையைப் படுக்க வைப்போம். குழந்தை தும்மும். மளிகைக்காரர் மறுதட்டில் படிக்கல்லை ஏற்றி இறக்கி, "மல்லியா இருந்தா இந்நேரம் வித்திருப்பேன்," என்பார். முதல் மூன்று வாரமும் ஏறியது. நான் நோட்டை அத்தானிடம் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை, குழந்தையின் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். சிரித்தார். அந்த மூன்று வாரம் நான் சரியாகத்தான் இருந்தேன். இதை நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததை வைத்து அத்தனையும் பொய் என்று சொல்லிவிட ஆள் இருக்கிறது.

காலி டின்களை எங்கள் வீட்டில் எறிய மாட்டார்கள். பித்தளைப் பாத்திரம் தேய்ப்பது போலவே அக்கா டின்னையும் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைப்பாள். தேய்த்த டின் கண்ணாடி மாதிரி மின்னும். ஒன்றிரண்டு அரிசி அளக்க, மிச்சம் காயலான் கடைக்கு. 'வே சாய்' என்று கூவிக்கொண்டு பழைய பாட்டிலும் தகரமும் வாங்க ஒரு வியட்நாமியப் பெண் தோளில் காவடிக் கூடையோடு வருவாள். எங்கள் தெருவில் தமிழ் வீடுகள் நாலைந்து மிச்சம். அந்த வீட்டு டின்கள் என்றால் அவளுக்குத் தனி மரியாதை. நசுங்காத, துரு இல்லாத, மூடியோடு இருக்கும் டின்னுக்குக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுப்பாள். மூடியைத் தனியாகக் கட்டி டின்னுக்குள் போட்டுவைக்கச் சொன்னதே நான்தான். சுத்தமும் சிக்கனமும் சேர்ந்துவிட்டதாக ஒரு சந்தோஷம்.

ஐந்தாவது டின்னை மருந்துக்கடையில் வாங்கப் போனபோது இல்லை என்றார்கள். கப்பல் வந்து சரக்கு இறங்கவில்லையாம், இறங்கியது துறைமுகத்திலேயே நிற்கிறதாம், நின்றது வேறு எங்கோ போய்விட்டதாம். ஆளுக்கொன்று சொன்னார்கள். சந்தைக்கு வெளியே நடைபாதையில் அதே டின், அதே நீலக் காகிதம், அதே எழுத்து, அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் யோசித்தேன். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தகடு ஒட்டியிருந்தது. அது போதும் எனக்கு. யார் விற்றால் என்ன, அடைத்தது இயந்திரம்தானே. நம்பிக்கையே டின்னுக்குள் அடைத்து வருகிறது என்று நான் எத்தனை மத்தியானம் பேசியிருக்கிறேன்.

அந்த வாரம் தராசு ஏறவில்லை. அடுத்த வாரமும் ஏறவில்லை. வெயில் என்றேன். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் இறங்கியது. தராசில் கோளாறு என்றேன். மளிகைக்காரர் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். "என் தராசா?" என்றார். பல் முளைக்கப் போகிறது என்றேன். நோட்டில் அதையே எழுதவும் செய்தேன்.

ஒரு மத்தியானம் நான் சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வந்தபோது அக்கா கேட்டாள்: "தம்பி, பாப்பா அழறதே இல்லடா. பாத்தியா?"

"நல்லதுதானக்கா. வயிறு நெறஞ்சிருக்கு."

"அப்படியா?" என்றாள். கேள்வி மாதிரியும் இல்லை, நம்பின மாதிரியும் இல்லை. நான் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று கடையில் பாலைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தான் பொதிமேல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். வாதம் இல்லாத அந்த மூன்று மணி நேரம் போகவே இல்லை.

நோட்டின்படி அது பதினோராவது டின். காலை நேரம். புட்டியெல்லாம் அலசி வைத்துவிட்டு, டின்னைக் கவிழ்த்து ஆணியை எடுத்தேன். அடியில் வெள்ளிப் பூச்சு புதிதாக இருந்தது. ஆணி பட்ட இடத்தில் பூச்சு சுருண்டு வந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். ௪. நான்கு. என் கையெழுத்து. நாலுக்கு வால் இழுக்கும்போது ஆணி வழுக்கிப் பக்கத்தில் ஒரு கீறல் விழுந்திருந்ததே, அதுவும் அப்படியே இருந்தது.

உடனே புரிந்தது என்று சொன்னால் பொய். சைகோனில் வேறு யாராவது தமிழ் எண்ணில் டின்னுக்கு எண் போடுகிறார்களா என்றுதான் முதலில் யோசித்தேன். அவ்வளவு தூரம் என் புத்தி எனக்கு வக்காலத்து வாங்கியது. பிறகு நீலக் காகிதத்தை ஈரத்துணியால் நனைத்து உரித்தேன். காகிதத்துக்குக் கீழே புளி போட்டுத் தேய்த்த தகரம் மின்னியது.

மூடியைத் திறந்து தகட்டைக் கிழித்தேன். உஸ்ஸென்ற மூச்சு வரவில்லை. ஆறேழு டின்னாகவே வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கரண்டி பொடியைத் தண்ணீரில் கரைத்து, காயத்துக்குப் போடும் அயோடினை ஒரு சொட்டு விட்டேன். மாவு இருந்தால் நீலமாகும், முதல் ஆண்டின் முதல் பாடம் அது. நீலம் என்று சொல்ல முடியாது, மைக்கறுப்பு. பத்தாவது டின்னின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் போட்டுப் பார்த்தேன். அதுவும் கறுப்பு. அரிசிமாவும் சர்க்கரையும், மணத்துக்குக் கொஞ்சம் பால் பவுடரும். ஒரு மாதமாக அந்தக் குழந்தைக்கு நான் கை படாமல் அளந்து கொடுத்தது அதைத்தான்.

அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு அயோடின் தெரியாது. கறுத்த கிண்ணத்தையும் என் முகத்தையும் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் அதன் வீங்கிய பாதத்தைக் காட்டினாள். கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை.

"நாலு நாளா இப்படி இருக்கு," என்றாள். "கேட்டா நீ ஏதாவது காரணம் சொல்லுவியேன்னு கேக்கல."

ஆஸ்பத்திரிக்கு சிக்லோவில், அந்த ஊர் மூன்று சக்கர மிதிவண்டியில், போனோம். வழியில் இரண்டு இடத்தில் மணல் மூட்டைத் தடுப்பில் நிறுத்திக் காகிதம் கேட்டார்கள். அத்தான் கடையைப் பூட்டாமல் ஓடி வந்திருந்தார். டாக்டர் குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த மாதத்தில் சத்தில்லாமல் இப்படி வீங்கி வந்த குழந்தைகளில் இது முதலாவது இல்லை என்றார். பிறகு பூட்டிய அலமாரியைத் திறந்து எடுத்தார். ஒரு டின். எங்கேயோ தூர தேசத்தில் இயந்திரம் அடைத்ததுதான். தாதி தகட்டைக் குத்தினாள். அது மூச்சு விட்டது.

அந்த டின்தான் குழந்தையை இழுத்துப் பிடித்தது. இதை அத்தானிடம் வாதமாக வைக்க எனக்கு வாய் வரவில்லை. தொழிற்சாலை பொய் சொல்லவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அது அடைத்தது பால்தான். அங்கிருந்து எங்கள் அடுப்படிவரை வருகிற வழியில் எத்தனை கை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கைகளில் ஒன்று அக்காவுடையது, ஒன்று என்னுடையது.

அத்தான் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்ட்டியா மாப்ள?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காயலான் கடைப் பெண் தெருவில் கூவியபோது நான் வாசலில் காத்திருந்தேன். திட்டுவதற்கு வியட்நாமிய வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். டின்னைக் கவிழ்த்துக் கீறலைக் காட்டி, இது இங்கிருந்து நீ கொண்டுபோனது, எங்கே போட்டாய் என்று கேட்டேன்.

"சோலோன் பேட்டைக் கடைங்களுக்குத்தான். சுத்தமான டின் கேக்கிறாங்க, குடுக்கிறேன். என்ன செய்றாங்கன்னு நான் ஏன் கேக்கணும்? எண்ணெய் ஊத்தி வைப்பாங்கன்னு நெனச்சேன்."

"பால் பவுடர்னு மாவை அடைச்சு விக்கிறாங்க. எங்க குழந்தை ஆஸ்பத்திரியில கிடக்கு."

அவள் காவடியை இறக்கி வைத்தாள். டின்னைக் கையில் வாங்கினாள். நீலக் காகிதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைத் தடவினாள்.

"இந்த நீலமா?" என்றாள்.

"ஆமா."

"சந்தைக்கு வெளிய விக்கிறதா?"

"ஆமா."

அவள் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. மகளுடையது. அவளும் அதைத்தான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடையில் இருந்த பாட்டில்களை அப்படியே எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனாள். மறுநாள்தான் வந்து எடுத்துக்கொண்டாள். நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காலி டின்னுக்கெல்லாம் அடியில் ஆணியால் ஓட்டை போடுகிறேன். தெருவில் மற்றத் தமிழ் வீடுகளுக்கும் ஆணியும் சுத்தியலுமாகப் போனேன். காது கொடுத்துக் கேட்டார்கள். "நல்ல டின்ன ஏன்டா கெடுக்கணும்? அரிசி அளக்க ஆவுமே," என்றார்கள். ஓட்டை போட்ட டின்னை யார் எடுப்பார்கள் என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும், நான் மனம் வருந்துவேன் என்று ஒரே ஒரு டின்னைக் கொடுத்து ஓட்டை போடச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்தேன். நடைபாதையில் டின் விற்கிறவனைப் பற்றிப் போலீஸில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அடுக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பேசிப் பேசி எனக்கே என் குரல் சலித்துவிட்டது.

குழந்தை இப்போது அழுகிறது. பத்து நாளில் ஏறிய எடை கொஞ்சம்தான், ஆனால் ஏறுகிறது. வீக்கம் வடிந்தது. திங்கட்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர். கூட இரண்டு டின் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் அலமாரியில் அவருக்கே இல்லை. இரண்டு டின் என்றால் பத்து நாள். அதற்குப் பிறகு காய்ச்சி ஆற வைத்த பசும்பால், சீட்டில் எழுதித் தருகிற அளவில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுங்கள், ஆனால் பால் பாலாக இருக்க வேண்டும் என்றார்.

ஆகவே நேற்று ஊருக்கு வடக்கே போனேன், பால்காரரைத் தேடி. கொட்டகையில் மூன்று மாடுதான் நின்றது. மிச்சத்தை இறைச்சிக்குக் கொடுத்துவிட்டாராம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"புள்ள எப்படி இருக்கு இப்ப?"

"பரவாயில்லண்ணே. திங்கக்கிழமை வருது."

"நான் கொண்டாந்து ஊத்தறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், தண்ணி ஊத்தலன்னு நானே சொன்னாலும் இனிமே ஒங்களுக்கு நம்பிக்கை வராது. கண்ணாடிக் கொழல எடுப்பீங்க. எனக்கும் அது புடிக்காது."

"எடுக்கமாட்டேண்ணே."

"எடுப்பீங்க தம்பி. நானா இருந்தாலும் எடுப்பேன்." கன்றை அவிழ்த்துத் தாயிடம் விட்டார். "ஊருல நம்ம வழக்கம் என்னா? மாட்ட ஓட்டியாந்து வாசல்லயே கறந்து குடுக்கிறது. தங்கச்சி பாத்திரத்த அவங்களே கழுவிப் புடிச்சிக்கட்டும். கண்ணு முன்னாடி கறந்துட்டா பேச்சே இல்ல."

"அப்ப திங்கக்கிழமையிலேருந்து வாங்கண்ணே."

"வந்துருவேன். நடுவுல ரெண்டு தடுப்பு இருக்கே. எனக்குப் பாஸ் இருக்கு. மாட்டுக்கு யாரு பாஸ் குடுப்பா?"

சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அது மண்டையில் நின்றுவிட்டது. இன்று காலை வட்டார அலுவலகத்தில் போய்க் கேட்டேன். கால்நடையை நகருக்குள் ஓட்டி வர அனுமதி உண்டு, ஆனால் அது இறைச்சிக் கூடத்துக்குப் போகிற மாட்டுக்குத்தானாம். போன மாடு திரும்பி வருவதற்குப் படிவத்தில் இடம் இல்லை. எழுத்தர் பொறுமையானவர். தனியாக ஒரு மனு எழுதிக் கொடுங்கள், காரணத்தை விளக்குங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். என் காகிதத்தைப் பார்த்து, நீங்கள் பிரெஞ்சுக் குடிமகனா இந்தியரா என்று கேட்டார். ஊருக்குப் போன அப்பா எங்களுக்கு எந்தக் குடியுரிமையைத் தேர்ந்தார் என்று இன்னும் தெளிவில்லை என்றேன். மாடு எங்கே பிறந்தது என்று கேட்டார். இங்கேதான் என்றேன். அதை எழுதுங்கள், நல்லது என்றார்.

மனுவை வியட்நாமிய மொழியில் எழுத வேண்டும். எழுத்து என்னுடையது, மொழியைத் திருத்தக் கல்லூரி நண்பன் ஒருவன் மாலை வருகிறான். டாக்டரின் சீட்டை இணைக்க வேண்டும். மளிகைக்காரர் தன் தராசு எடைகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அனுமதி வராமல் போனால், கொட்டகைக்குப் பக்கத்தில் அக்காவுக்கும் குழந்தைக்கும் ஒரு அறை கிடைக்குமா என்று பார்க்க அத்தான் ஞாயிற்றுக்கிழமை போகிறார். அந்தப் பக்கம் குண்டு விழுகிற பக்கம். அதனால் மனுவை இன்றே முடித்துவிட வேண்டும். முதல் வரி எழுதிவிட்டேன்: தினமும் காலை ஊரடங்கு நீங்கிய பிறகு ஒரு பசுவும் அதன் கன்றும் நகருக்குள் வந்து, ஒரு வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்று, திரும்பிப் போக அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.